திருவுளச்சீட்டும் மனித முடிவும்: மொரேவியச் சபையின் அனுபவம்

திருவுளச்சீட்டு என்பது ஒரு காரியத்தில் இறைவனின் சித்தம் எது என்பதை அறிவதற்காகச் சீட்டு எழுதிப் போட்டு எடுக்கும் முறையாகும். தொழில், திருமணம், இடமாற்றம், பொறுப்பு ஏற்றல் போன்றவற்றில் தன் விருப்பம் எது, கடவுளின் விருப்பம் எது என்று பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி கிறித்தவ வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. இக்கேள்விக்குச் சீட்டின் வழியாக விடை தேடிய குழுக்களுள் ஜெர்மனியில் 18ஆம் நூற்றாண்டில் வளர்ந்த மொரேவியச் சபை முதன்மையானது. மூப்பர் நியமனம் முதல் திருமணம் வரை பல முடிவுகளை அச்சபை ஏறத்தாழ 160 ஆண்டுகள் சீட்டிடம் ஒப்படைத்திருந்தது. பின்னர் அதுவே அம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. அது ஏன் தொடங்கியது, ஏன் முடிந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேதாகமத்தில் சீட்டு

பழைய ஏற்பாட்டில் சீட்டுப் போடுதல் இயல்பான வழக்கமாகக் காணப்படுகிறது. யோசுவா சீலோவில் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டார். தலைமை ஆசாரியரின் மார்ப்பதக்கத்தில் இருந்த ஊரீம், தும்மீம் என்பவை இறைவனிடம் விடை கேட்பதற்குப் பயன்பட்டன. யோனா சென்ற கப்பலில் புயலுக்குக் காரணமானவர் யார் என்பதை மாலுமிகள் சீட்டுப் போட்டே கண்டனர். சீட்டைப் போடுவது மனிதர் கையானாலும் அதன் தீர்ப்பு கர்த்தருடையது என்ற கருத்து நீதிமொழிகள் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது.

புதிய ஏற்பாட்டில், யூதாசின் இடத்தை நிரப்பச் சீடர்கள் இருவரை நிறுத்தி, ஜெபித்து, சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. ஆனால் அதன் பின் நிகழ்ந்த பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் செய்தி இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் யூதரல்லாதவரைச் சபையில் சேர்ப்பது பற்றிப் பெரும் கருத்து வேறுபாடு எழுகிறது. அங்கே மிகுந்த விவாதம் நடக்கிறது, நேரில் கண்டவர்கள் சாட்சி கூறுகின்றனர், வேதம் ஆராயப்படுகிறது. இறுதி முடிவைப் பரிசுத்த ஆவியானவருக்கும் தங்களுக்கும் ஒருசேர நலமாகத் தோன்றிய முடிவாகச் சபையார் கடிதத்தில் எழுதினர். ஆக, சீட்டு, கலந்துரையாடல் ஆகிய இரு வழிகளுக்குமே வேதத்தில் முன்மாதிரி உண்டு. பிற்காலத்தில் எழுந்த விவாதங்களுக்கு வேர் இதுவே.

திருச்சபையின் தயக்கம்

தொடக்க காலத் திருச்சபைத் தலைவர்கள் சீட்டையும், வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து வசனம் பார்ப்பதையும் ஐயத்துடனேயே நோக்கினர். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைக் கேட்டுப் பவுலின் நிருபத்தைத் திறந்து வாசித்து மனம் மாறியவர் அகுஸ்தீன். அவரே பின்னாளில் எழுதிய ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காக நற்செய்தி நூலின் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று தெரிவித்தார். பிரான்சு நாட்டில் 506இல் ஆக்து நகரிலும், 511இல் ஓர்லேயான் நகரிலும் கூடிய சங்கங்கள் வேதநூலை வைத்துக் குறி பார்ப்பதைத் தடை செய்தன.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சீட்டுகளை மூன்றாகப் பிரித்தார்: பொருளைப் பங்கிடுவதற்கான சீட்டு, என்ன செய்வது என்று கேட்பதற்கான சீட்டு, எதிர்காலத்தை அறிவதற்கான சீட்டு. தேவை இருந்தால், பயபக்தியுடன் கேட்டால் சீட்டு முழுவதும் குற்றமாகாது என்றார். ஆனால் பரிசுத்த ஆவியின் ஏவுதலால் நடக்க வேண்டிய திருச்சபைத் தேர்தல்களில் அதற்கு இடமில்லை என்றும் கூறினார்.

16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் வேறொரு வழியைக் காட்டினார். 1548இல் அச்சான அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூல், மனத்தில் எழும் ஆறுதலையும் கலக்கத்தையும் நாட்பட உற்று நோக்குதல், இரு பக்கத்து நன்மை தீமைகளை எடை போடுதல், மரணப் படுக்கையில் இருப்பதாக எண்ணி அப்போது எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்று பார்த்தல் ஆகிய பயிற்சிகளைக் கற்பிக்கிறது. இங்கே மனித மனமே இறைவன் பேசும் களமாகக் கொள்ளப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள், வாக்கெடுப்பு இன்றி மௌனமாகக் காத்திருந்து கூட்டத்தின் ஒருமித்த மனத்தைக் கண்டறியும் முறையைப் பின்பற்றினர்.

எர்ன்ஹூட் குடியிருப்பு

இப்படிப் பல வழிகள் இருந்தும் மொரேவியர் சீட்டைத் தேர்ந்ததற்கு அவர்களுடைய நிலைமை ஒரு காரணம். 1415இல் எரித்துக் கொல்லப்பட்ட யான் ஹூஸ் என்பவரின் வழிவந்தோர் 1457இல் பொகீமியாவில் ஐக்கிய சகோதரர் சபையை அமைத்தனர். பின்னர் ஏற்பட்ட துன்புறுத்தலால் அச்சபை சிதறியது. மறைவாக வாழ்ந்த சிலர் 1722இல் மொரேவியாவிலிருந்து எல்லை தாண்டிச் சாக்சனி நாட்டுக்கு வந்தனர். அங்கே நிக்கோலாஸ் லுட்விக் ஃபான் சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபு தம் நிலத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அக்குடியிருப்பு எர்ன்ஹூட் எனப் பெயர் பெற்றது. சின்சென்டார்ஃப் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளியில் பயின்றவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு செய்து வந்த பணியைப் பற்றிய செய்திகளைச் சிறுவயதிலேயே அங்கு கேட்டு வளர்ந்தவர்.

எர்ன்ஹூட்டில் மொரேவியர் மட்டுமன்றி லூத்தரன், கால்வினியப் பிரிவினரும் வந்து குடியேறினர். விரைவிலேயே சச்சரவு மூண்டது. பிரபுவும் தச்சரும் குயவரும் நெசவாளரும் ஒரே சபையில் இருந்தனர். யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது? பிரபுவின் சொல்லே முடிவானால் அது சகோதரத்துவம் ஆகாது. பெரும்பான்மை வாக்கு வென்றால் தோற்றவர் மனத்தில் பகை தங்கும். யாருக்கும் சார்பில்லாத சீட்டு இச்சிக்கலுக்குத் தீர்வாகத் தோன்றியது. 1727இல் 12 மூப்பர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் நால்வர் சீட்டின் மூலம் தலைமை மூப்பராயினர். 1730இல் அன்னா நீட்ஷ்மன் என்ற 14 வயதுச் சிறுமி சீட்டின் மூலம் பெண்களின் தலைமை மூப்பராக நியமிக்கப்பட்டார். பிறப்பும் செல்வமும் பதவியை முடிவு செய்த அக்காலத்தில் எளிய குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு இத்தகைய பொறுப்பு கிடைத்தது வியப்புக்குரியது.

சீட்டு பிரபுவையும் விட்டு வைக்கவில்லை. மொரேவியர் தம் தனி அமைப்பை விட்டுவிட்டு லூத்தரன் சபையோடு முழுவதும் இணைந்துவிடலாம் என்று சின்சென்டார்ஃப் கருதினார். 1731 ஜனவரியில் இதற்காக இரு வசனங்கள் எழுதிச் சீட்டுப் போடப்பட்டன. அவருடைய சிறு மகனே சீட்டை எடுத்தான். முன்னோர் வழியில் உறுதியாக நிற்கும்படி கூறும் வசனம் வந்தது. சின்சென்டார்ஃப் தம் யோசனையைக் கைவிட்டார்.

சீட்டு எடுக்கப்பட்ட விதம்

சீட்டு, தனி மனிதர் நினைத்தபோது எடுக்கும் குறியாக அல்லாமல் மூப்பர் மன்றத்தின் நடைமுறையாக இருந்தது. முதலில் காரியம் விவாதிக்கப்படும். வேதத்தில் தெளிவான கட்டளை இருந்தாலோ, அறிவுக்கு எட்டிய விடை இருந்தாலோ சீட்டு தேவையில்லை என்பது கொள்கை. விடை தெளிவாகாதபோது கேள்வி ஒன்று சொல் பிசகாமல் வகுக்கப்படும். ஜெபத்திற்குப் பின் சீட்டு எடுக்கப்படும். பெரும்பாலும் மூன்று சீட்டுகள் இருக்கும்: ஒன்றில் ‘ஆம்’, ஒன்றில் ‘இல்லை’, மூன்றாவது வெறுந்தாள். வெறுந்தாள் வந்தால் காலம் இன்னும் வரவில்லை என்றோ, கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்றோ பொருள் கொள்ளப்பட்டது.

இந்த முறையின் வலிமையும் பலவீனமும் கேள்வியை வகுப்பதில்தான் இருந்தன. 1741 செப்டம்பரில் இலண்டனில் கூடிய கூட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. சபை முழுமைக்கும் தலைமை மூப்பராக இருந்த லியோன்ஹார்டு டோபர் பதவி விலக விரும்பினார். அவருக்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட பெயர்களைச் சீட்டு ஏற்கவில்லை. பின்னர், இயேசு கிறிஸ்துவே அப்பதவியை ஏற்பாரா என்ற கேள்வி வகுக்கப்பட்டது. சீட்டு ‘ஆம்’ என்றது. அன்றுமுதல் மொரேவியச் சபையில் மனிதர் எவரும் அப்பதவியை வகிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இம்முடிவு சபைகளுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. கேள்வி மாறியபோது விடையும் மாறியது. அந்தக் கேள்வியை வகுத்தவர்கள் மனிதர்கள்.

கடல் கடந்த பணியும் சீட்டும்

1731இல் கோபன்ஹேகன் சென்ற சின்சென்டார்ஃப், மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமசில் அடிமையாக இருந்த அந்தோன் என்பவரைச் சந்தித்தார். அத்தீவின் அடிமைகள் படும் துன்பத்தைக் கேட்டு, குயவரான டோபரும் அவருடைய நண்பர் தோபியாஸ் லியோபோல்டும் அங்கே செல்ல முன்வந்தனர். சபை ஓராண்டு தயங்கியது. 1732 ஜூலையில் சீட்டு எடுக்கப்பட்டது. டோபருக்குப் போக அனுமதிக்கும் வசனம் வந்தது. லியோபோல்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகஸ்டு 21ஆம் நாள் டோபரும் தச்சரான தாவீது நீட்ஷ்மனும் எர்ன்ஹூட்டிலிருந்து புறப்பட்டனர். புராட்டஸ்டண்ட் மிஷன் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனையாகும். அடுத்த ஆண்டு லியோபோல்டு ஒரு குழுவை அழைத்துக்கொண்டு செயின்ட் குரோய் தீவுக்குச் சென்றார். அங்கே காய்ச்சலால் பலர் மாண்டனர்; லியோபோல்டும் அத்தீவிலேயே இறந்தார்.

மொரேவியர் தமிழ்நாட்டுக்கும் வந்தனர். நிக்கோபார் தீவுகளில் குடியேறிப் பணி செய்யும் நோக்கத்துடன் ஒரு குழு 1760இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது. ஊருக்கு அருகே அவர்கள் அமைத்த குடியிருப்பு ‘சகோதரர் தோட்டம்’ எனப்பட்டது. 1768இல் நிக்கோபாரில் தொடங்கிய பணி, நோயாலும் மரணங்களாலும் 1787இல் முடிவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக் குடியிருப்பும் கைவிடப்பட்டது. அழைப்பில் உறுதி இருந்தால் வெற்றியும் நிச்சயம் என்ற எண்ணத்திற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை.

ஜான் வெஸ்லியின் அனுபவம்

மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி, 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குச் சென்ற கப்பலில் மொரேவியரைச் சந்தித்தார். கொடும் புயலில் அவர்கள் காட்டிய அமைதி அவரை ஈர்த்தது. அவர்களிடமிருந்து சீட்டுப் பழக்கமும் அவருக்கு வந்தது. சவன்னா நகரில் சோபியா ஹாப்கி என்ற இளம்பெண்ணை அவர் விரும்பினார். ஆனால் ஊழியத்திற்குத் திருமணம் தடையாகுமோ என்று கலங்கினார். 1737 மார்ச்சில் நண்பரோடு சேர்ந்து மூன்று சீட்டுகள் எழுதினார்: மணந்துகொள், இந்த ஆண்டு நினைக்காதே, இனி நினைக்கவே வேண்டாம். மூன்றாவது சீட்டே வந்தது. அவர் அதற்குப் பணிந்தார். சில நாள்களில் சோபியா வேறொருவரை மணந்தார்.

காரியம் அதோடு முடியவில்லை. ஆகஸ்டில் வெஸ்லி சோபியாவுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அவருடைய கணவர் வழக்குத் தொடுத்தார். டிசம்பரில் வெஸ்லி ஜார்ஜியாவை விட்டே வெளியேற நேர்ந்தது. சீட்டு ஒரு கேள்விக்கு விடை சொன்னது; மனத்தின் காயத்தை அது ஆற்றவில்லை.

1738 பிப்ரவரியில் வெஸ்லி இங்கிலாந்து திரும்பியபோது, அவருடைய நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு ஜார்ஜியாவுக்குப் புறப்படும் கப்பலில் இருந்தார். வெஸ்லி நண்பருக்காகச் சீட்டு எடுத்து, இலண்டனுக்குத் திரும்பும்படி வந்த விடையை அனுப்பினார். ஒயிட்ஃபீல்டு ஜெபித்தார். வேறொரு தீர்க்கதரிசியின் சொல்லைக் கேட்டுத் தம் வழியை விட்டுச் சிங்கத்தால் கொல்லப்பட்ட தேவ மனிதரின் கதை அவர் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பாமல் பயணத்தைத் தொடர்ந்தார். பின்னர் முன்குறித்தல் கோட்பாடு பற்றி இருவருக்கும் மோதல் ஏற்பட்டபோது, ஒயிட்ஃபீல்டு இச்செய்தியை அச்சிலேயே வெளியிட்டார். தாம் எடுத்த சீட்டு தவறானது என்று வெஸ்லி தமக்கு எழுதியதாகவும் குறிப்பிட்டார். தனிப்பட்ட செய்தியை வெளியிட்டதற்காகப் பிற்காலத்தில் அவர் வருந்தினார்.

மறுபக்கமும் உண்டு. 1739 மார்ச்சில், பிரிஸ்டல் நகருக்குப் போகலாமா என்று இலண்டன் சங்கத்தார் சீட்டு எடுத்தனர். போகும்படி வந்தது. ஏப்ரல் 2ஆம் நாள் வெஸ்லி அங்கே திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். மெதடிஸ்ட் எழுச்சி அங்கிருந்து பரவியது. ஆயினும் 1750இல் வெளியான ‘வெறியுணர்வின் தன்மை’ என்ற பிரசங்கத்தில், காட்சியோ கனவோ வரும் என்று காத்திருப்பதை வெஸ்லி கண்டித்தார். வேதத்தின் பொது விதியை எடுத்துக்கொண்டு, எது தன்னை மேலும் நல்லவனாகவும் பயனுள்ளவனாகவும் ஆக்கும் என்று அறிவாலும் அனுபவத்தாலும் ஆராயும்படி கேட்போருக்குக் கற்பித்தார்.

திருமணச் சீட்டும் அதன் முடிவும்

1760இல் சின்சென்டார்ஃப் மறைந்த பின்னும் சீட்டு தொடர்ந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மொரேவியர் வாங்கிய நிலத்தில் சேலம் நகருக்கான இடத்தை 1765 பிப்ரவரி 14ஆம் நாள் சீட்டுதான் உறுதி செய்தது. அதற்கு முன் பார்த்த இடங்களைச் சீட்டு ஏற்கவில்லை.

ஆனால் திருமணத்தில் சீட்டு அதிகப் பிணக்கை உண்டாக்கியது. ஒருவர் மணமுடிக்க விரும்பினால் மூப்பர் மன்றத்திடம் கூற வேண்டும். மன்றம் சீட்டைக் கேட்கும். ‘இல்லை’ என்று வந்தால் அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. வேறு பெயரைத்தான் முன்வைக்க வேண்டும். ‘ஆம்’ என்று வந்தால் பெண்ணிடம் கேட்பார்கள். அப்போதும் மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. எனவே சீட்டு கட்டாயக் கலியாணத்தை உண்டாக்கவில்லை. ஆனால் ஒருவரையொருவர் விரும்பிய இருவரை அதனால் பிரிக்க முடிந்தது. சீட்டை மீறி மணந்தவர்கள் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வெளியேறுவது என்றால் வீடு, தொழில், உறவு ஆகிய அனைத்தையும் இழப்பதாகும்.

முதல் தலைமுறையினர் இதை மனமுவந்து ஏற்றனர். அவர்கள் வீடு வாசலைத் துறந்து தாமாகவே வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அச்சபைக்குள்ளேயே பிறந்தவர்கள். விடுதலை பெற்ற அமெரிக்காவில், தம் துணையைத் தாமே தேடிக்கொண்ட அண்டை வீட்டாரிடையே வளர்ந்தவர்கள். பாட்டனாருக்குப் பக்தியாக இருந்த சீட்டு பேரனுக்குச் சட்டமாகத் தெரிந்தது. அமெரிக்கச் சபைகள் மாற்றம் வேண்டின. 1818இல் எர்ன்ஹூட்டில் கூடிய பொதுச் சங்கம், சாதாரண உறுப்பினரின் திருமணத்திற்குச் சீட்டு கட்டாயமில்லை என்று முடிவு செய்தது. மற்றப் பயன்பாடுகளும் படிப்படியாகக் குறைந்தன. 1889இல் அதிகாரபூர்வச் சீட்டு முறை முழுவதுமாக நீக்கப்பட்டது.

பிற்காலப் பார்வைகள்

சீட்டு மறைந்தாலும் கேள்வி மறையவில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் தொழிலிலும் திருமணத்திலும் கடவுள் ஒரே ஒரு வழியைக் குறித்துள்ளார், அதைக் கண்டுபிடிப்பதே கடமை என்ற கருத்து இன்றும் பல சபைகளில் வலுவாக உள்ளது. 1980இல் காரி ஃப்ரீசன் எழுதிய நூல் இதை மறுத்தது. வேதம் தெளிவாகக் கட்டளையிட்ட இடத்தில் கீழ்ப்படிய வேண்டும்; கட்டளை இல்லாத இடத்தில் ஞானத்தோடு தேர்ந்தெடுக்கும் உரிமையும் பொறுப்பும் மனிதருக்கே உண்டு என்பது அவர் வாதம். மறுபுறம் எகிப்தின் காப்டிக் திருச்சபை 2012 நவம்பர் 4ஆம் நாள், வாக்கெடுப்பில் முன்னிலை பெற்ற மூவருள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க, கண் கட்டப்பட்ட சிறுவன் ஒருவனைச் சீட்டு எடுக்கச் செய்தது. அவ்வாறு தேர்வானவரே இரண்டாம் தவாத்ரோஸ். தகுதியை மனிதர் ஆராய்ந்த பின்னரே அங்கே சீட்டுக்கு இடம் கொடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களில் புத்தாண்டு ஆராதனையின்போது வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. அதை ஆண்டு முழுவதற்குமான ஆறுதலாகக் கொள்வது ஒன்று. வந்த வசனத்தை வைத்து வரன் பார்ப்பதையோ வேலையை விடுவதையோ முடிவு செய்வது வேறொன்று. மொரேவியரின் அனுபவம் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்த்துகிறது.

மதிப்பீடு

மொரேவியரின் சீட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. அதிகாரம் படைத்தவரின் விருப்பத்தைக் கடவுளின் சித்தம் என்று சொல்லவிடாமல் தடுத்ததும், குயவரையும் சிறுமியையும் பொறுப்பில் அமர்த்தியதும் அந்தச் சீட்டுதான். அதே சீட்டு, ஒருவர் வாழ்க்கையைப் பற்றி அவரிடம் கேளாமலே மன்றம் முடிவு செய்யவும் வழி வகுத்தது. கேள்வியை எழுதுபவர், அதைக் கேட்கும் நேரத்தைக் குறிப்பவர், விடைக்குப் பொருள் சொல்பவர் ஆகிய அனைவரும் மனிதரே. எனவே சீட்டினால் முடிவெடுக்கும் பொறுப்பு மறைந்துவிடவில்லை. அது இன்னாருடையது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

எர்ன்ஹூட்டில் சீட்டு ஓரிடத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. சின்சென்டார்ஃப் 1728 மே 3ஆம் நாள் மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கென ஒரு வசனத்தைக் கொடுத்தார். அவ்வழக்கம் வளர்ந்து, 1731 முதல் ஆண்டுதோறும் தினவசன நூலாக அச்சாகி வருகிறது; இன்று 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது. அதில் ஒவ்வொரு நாளுக்குமான பழைய ஏற்பாட்டு வசனம் சுமார் 1,800 வசனங்களிலிருந்து இன்றும் சீட்டு மூலமே எடுக்கப்படுகிறது. அதனோடு பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஒருவர் வாசித்து, ஆராய்ந்து, தாமே தேர்ந்தெடுக்கிறார்.